சாம்பல் தலை வானம்பாடியின் கூடும் இனவிருத்தியும்
(களப்பணியாளருக்கும் ஆசிரியருக்கும் உரிய பாடம்)

மரத்தில் கூடு கட்டும் பறவைகளை மக்கள் எளிதில் அறிவர். தூக்கணாங்குருவியின் கூட்டைக் காணாத சிறுவன் நாட்டுப்புறத்தில் இல்லை எனலாம். ஆனால் வெட்டவெளியில், வெறுந்தரையில் கூடு அமைத்து, அங்கேயே முட்டையிட்டுக் குஞ்சு பொரிக்கும் பாடும் பறவைகளும் உள்ளன. அவற்றுள் முதன்மையானவை வானம்பாடிகள். அவற்றின் கூடுகளை மிதித்துவிடும் அளவு நெருங்கிச் சென்றவர்கூடப் பெரும்பாலும் அவற்றைக் கண்டிரார்.

புல்வெளிப் பறவைகளின் நலத்தை அறிய விரும்புவோர் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, கட்டிய கூடுகளுள் எத்தனை குஞ்சுகளை வெளியே அனுப்புகின்றன என்பதாகும். இக்கேள்வி எளிதாகத் தோன்றினும், விடை காணும் வழியில் ஒரு பெரும் பிழை மறைந்து கிடக்கிறது. அப்பிழையை விளக்கி, சரியான கணக்கைக் கூறுவதே இப்பாடத்தின் நோக்கம். கோலார் தங்க வயலைச் சூழ்ந்த வறண்ட நிலத்தையும், அத்தகைய நிலத்தில் வாழும் சாம்பல் தலை வானம்பாடியையும் இதற்கு எடுத்துக்காட்டாகக் கொள்வோம்.

நிலத்தின் இயல்பு

கோலார் தங்க வயல் கர்நாடக மாநிலத்தின் கிழக்கு ஓரத்தில், தக்காண பீடபூமியின் மேல் அமைந்துள்ளது. இங்கு 1880ஆம் ஆண்டில் ஜான் டெய்லர் கம்பெனியார் சுரங்கத் தொழிலைத் தொடங்கினர். வட ஆற்காடு முதலிய தமிழ் மாவட்டங்களிலிருந்து திரளான தொழிலாளர் குடியேறினர். பூமிக்குள் 3 கிலோமீட்டருக்கும் அதிகமான ஆழம்வரை சென்ற இச்சுரங்கங்கள் 2001ஆம் ஆண்டு பிப்ரவரி 28ஆம் நாள் மூடப்பட்டன. தாதுக்கல்லை அரைத்து, சயனைடு கரைசலால் தங்கத்தைப் பிரித்தபின் எஞ்சிய தூள் குன்று குன்றாகக் குவிந்து கிடக்கிறது. மக்கள் இக்குவியல்களைச் சயனைடு மேடுகள் என்பர்.

இம்மேடுகளையும் குடியிருப்புகளையும் தாண்டினால் செம்மண்ணும் பாறையும் கலந்த திறந்த நிலம் தொடங்கும். கேழ்வரகும் கொள்ளும் நிலக்கடலையும் விளையும் மானாவாரி வயல்கள், அறுவடைக்குப்பின் தரிசாகக் கிடக்கும் துண்டுகள், குட்டைப்புல் முளைத்த மேய்ச்சல் நிலங்கள், ஏரிகளின் நீர் வற்றிய ஓரங்கள் ஆகிய யாவும் இதில் அடங்கும். அரசாங்கக் கணக்குகளில் இவற்றிற் பெரும்பகுதி தரிசு என்றோ புறம்போக்கு என்றோ எழுதப்படுவது வழக்கம். பயிரும் மரமும் இல்லாமையால் அந்நிலத்தில் ஒன்றுமே இல்லை என்று எண்ணுதல் தவறு. வானம்பாடிக்கு அதுவே வீடு.

பறவையை அறிதல்

சாம்பல் தலை வானம்பாடி இந்தியாவின் சமவெளிகளிலும் இலங்கையின் வறண்ட பகுதிகளிலும் வாழ்வது. உருவத்தில் சிட்டுக்குருவியைவிடச் சற்றுச் சிறியது. அலகு குருவியினுடையதைப்போல் தடித்திருக்கும். ஆகையால் இதனைக் குருவி என்றே பலர் கருதுவர். ஆணின் உச்சந்தலை சாம்பல் நிறம், கன்னம் வெண்மை, கண்ணின் குறுக்கே செல்லும் கோடும், மோவாயும், வயிறு முழுவதும் கருமை. பெண்பறவைக்கு இக்கருமை இல்லை. அது முற்றிலும் மண்ணின் பழுப்பு நிறம் கொண்டது.

ஆண்பறவை தரையில் பதுங்கினால் அதன் கரிய வயிறு மறைந்து, மண்ணோடு ஒத்த முதுகு மட்டுமே தெரியும். ஆபத்து நெருங்கும்போது இப்பறவை உடனே பறப்பதில்லை. அசையாமல் பதுங்கி, ஆள் மிக அருகில் வந்த பின்னரே எழும். மரத்திலோ தந்திக் கம்பியிலோ இது அமர்வது அரிது. உண்பதும் உறங்குவதும் கூடு கட்டுவதும் எல்லாம் தரையிலேயே. விதைகளும் பூச்சிகளும் இதன் உணவு.

இனவிருத்திப் பருவத்தில் ஆண் வானில் எழும்பிப் பறக்கும். சுமார் 30 மீட்டர் உயரம் சென்றபின் சிறகுகளை மடக்கிக்கொண்டு தலைகீழாக விழும், விழும் வேகத்தில் மீண்டும் சற்றே மேலெழும், மறுபடி விழும். இவ்வாறு படிப்படியாக இறங்குகையில் நீண்ட சீழ்க்கை ஒலி எழுப்பும். தரையைத் தொடும் தறுவாயில் திரும்பி, ஒரு மண்கட்டியின்மேல் அமரும்.

இதே நிலத்தில் வாழும் ஜெர்டன் புதர்வானம்பாடியை இதனோடு ஒப்பிட்டு மாணவர்க்குக் காட்டலாம். அது மரத்தின் அல்லது புதரின் உச்சியிலிருந்து சிறிது தூரம் மேலே பறந்து, சிறகுகளை உயர்த்திப் பிடித்து, கால்களைத் தொங்கவிட்டபடி மெதுவாக இறங்கும். தோற்றத்தில் மிக ஒத்த புதர்வானம்பாடி இனங்களைப் பாட்டினாலும் பறக்கும் முறையினாலும் பிரித்தறியலாம் என்பதை ஸ்வீடன் நாட்டு அறிஞர் பெர் ஆல்ஸ்ட்ரோம் 1998ஆம் ஆண்டில் விளக்கினார். எனவே களத்தில் செவியும் கண்ணுக்கு இணையான கருவியாகும்.

கூடு

சாம்பல் தலை வானம்பாடி முட்டையிடும் காலம் இடத்திற்கேற்ப மாறும். பொதுவாகப் பிப்ரவரி முதல் செப்டம்பர் வரை எனலாம். கூடு என்பது தரையில் உள்ள ஒரு சிறு குழியே. மாட்டின் குளம்பு பதிந்த பள்ளத்தையும் இது பயன்படுத்திக்கொள்ளும். பெரும்பாலும் ஒரு புற்கொத்தை அல்லது மண்கட்டியை ஒட்டியே குழி அமையும். உட்புறத்தில் மெல்லிய புல்லும் மயிரும் பரப்பப்பட்டிருக்கும். விளிம்பில் சிறு கற்களைக் காணலாம்.

முட்டைகள் பெரும்பாலும் இரண்டு அல்லது மூன்று. வெளிறிய நிறத்தின்மேல் பழுப்புப் புள்ளிகள் தெளித்திருப்பதால், சரளைக் கற்களிடையே அவை கண்ணுக்குப் புலப்படுவதில்லை. இதற்குக் கூரையோ சுவரோ இல்லை. மறைவு ஒன்றே பாதுகாப்பு.

அடைகாத்தலும் குஞ்சு வளர்த்தலும்

ஆணும் பெண்ணும் மாறி மாறி அடைகாக்கின்றன. சுமார் 13 அல்லது 14 நாட்களில் குஞ்சுகள் பொரிக்கும். அடைகாத்தல் என்பது முட்டைக்குச் சூடேற்றுதல் மட்டும் அன்று. பறவை முட்டையின் கரு செவ்வனே வளர்வதற்கு ஏறத்தாழ 36 முதல் 38 டிகிரி செல்சியஸ் உஷ்ணம் தேவை. கோடை நண்பகலில் நிழலற்ற தரையின் உஷ்ணம் 50 டிகிரியையும் தாண்டக்கூடும். அவ்வேளையில் தாய்ப்பறவை முட்டையை விட்டுச் சில நிமிடங்கள் விலகினாலும் கரு மடிய நேரலாம். வெயிலில் கூட்டின்மேல் நின்று, சிறகுகளைச் சற்று விரித்து நிழல் தருவது தரையில் கூடு கட்டும் பறவைகள் பலவற்றின் வழக்கம். ஆகவே நண்பகலில் ஒருவர் கூட்டருகில் நிற்பதே அக்கூட்டிற்கு ஆபத்தாகும்.

குஞ்சுகளுக்குப் பெற்றோர் பூச்சிகளை ஊட்டுகின்றன. வானம்பாடிக் குஞ்சுகள் நன்கு பறக்கும் ஆற்றல் பெறுமுன்னரே கூட்டைவிட்டு வெளியேறிப் புற்களிடையே பரவி ஒளிந்துகொள்ளும். ஒரே இடத்தில் இரண்டு மூன்று குஞ்சுகள் நெடுநாள் தங்கியிருப்பின், பகைப்பிராணி ஒருமுறை கண்டால் அனைத்தையும் அழித்துவிடும். பிரிந்து வாழ்வதனால் ஒன்றேனும் பிழைக்க இடமுண்டு. இவ்வியல்பை அறியாத களப்பணியாளர், வெற்றுக்கூட்டைக் கண்டதும் குஞ்சுகள் அழிந்தன என்று எழுதிவிடுதல் கூடும். பெற்றோர் வாயில் பூச்சியுடன் அருகில் திரிகின்றனவா என்று பார்த்த பின்னரே முடிவு செய்தல் வேண்டும்.

கூட்டின் பகைகள்

கீரி, சாரைப்பாம்பு, ஓணான், உடும்பு, காகம், செம்போத்து ஆகியவை தரைக்கூடுகளை நாடும் இயற்கைப் பகைகள். இவற்றோடு ஊரை அடுத்த நிலங்களில் நாயும் பூனையும் சேர்ந்துகொள்கின்றன. மேயும் ஆடுமாடுகளின் குளம்புகளால் நசுங்குவன சில. திடீரெனப் பெய்யும் கோடைமழையில் குழி நிறைந்து முட்டை மூழ்குவதும் உண்டு. முதல் மழை விழுந்ததும் ஏர் பூட்டுவது உழவர் வழக்கம். தரிசாகக் கிடந்தபோது கூடு கட்டப்பட்ட வயல் அப்போது ஒரே நாளில் புரட்டப்படுகிறது.

தரையில் கூடு கட்டும் பறவைகளுக்குக் கூடுகள் அழிவது புதிய செய்தி அன்று. ஒன்று அழிந்தால் மற்றொன்று கட்டி ஈடு செய்வது அவற்றின் இயல்பு. நீண்ட இனவிருத்திப் பருவம் இதற்கு உதவுகிறது. எனினும் ஈடு செய்வதற்கும் ஓர் எல்லை உண்டு. அவ்வெல்லை எங்கே மீறப்படுகிறது என்பதை அறியவே கணக்கு வேண்டும்.

சாதாரணக் கணக்கில் நேரும் பிழை

இந்தியப் பறவைகளின் கூடுகளையும் முட்டைகளையும் பற்றிய செய்திகளைத் தொகுத்து ஆலன் ஆக்டேவியன் ஹ்யூம் 1873 முதல் 1875 வரை நூலாக வெளியிட்டார். கூடு எங்கே இருக்கும், முட்டை எத்தனை, நிறம் என்ன என்னும் வினாக்களுக்கு அத்தகைய நூல்கள் விடை தந்தன. கூடுகளுள் எத்தனை நிறைவேறின என்பது வேறு வினா.

பத்துக் கூடுகளைக் கண்டு, அவற்றுள் ஆறில் குஞ்சுகள் வெளியேறினால், வெற்றி நூற்றுக்கு 60 என்று எழுதுவது வழக்கம். இதில் என்ன பிழை? கூடுகள் யாவும் கட்டிய நாளிலேயே கண்ணில் படுவதில்லை என்பதே பிழை.

ஓர் உதாரணத்தைக் கற்பனையாகக் கொள்வோம். ஒரு புல்வெளியில் 100 கூடுகளில் முட்டை இடப்படுகிறது. முட்டையிலிருந்து குஞ்சு வெளியேறும்வரை 24 நாட்கள் என்க. ஒவ்வொரு நாளும், இருக்கும் கூடுகளில் நூற்றுக்கு 6 அழிகின்றன, 94 தப்புகின்றன. இவ்வாறாயின்,

8 நாட்களுக்குப்பின் எஞ்சுவன சுமார் 61 கூடுகள்;
16 நாட்களுக்குப்பின் எஞ்சுவன சுமார் 37 கூடுகள்;
24 நாட்களுக்குப்பின் நிறைவேறுவன சுமார் 23 கூடுகள்.

உண்மையான வெற்றி நூற்றுக்கு 23. இப்போது ஒரு களப்பணியாளர் 16ஆம் நாளில் அப்புல்வெளிக்கு வருகிறார் என்க. அவர் மிகத் திறமையுடன் தேடி, இருக்கும் 37 கூடுகளையும் கண்டுவிடுகிறார். அவற்றுள் 23 நிறைவேறுகின்றன. அவருடைய ஏட்டில் வெற்றி நூற்றுக்கு 62 என்று பதிவாகும். அவர் பொய் எழுதவில்லை, கவனக்குறைவாகவும் இல்லை. ஆயினும் விடை உண்மையைப்போல் ஏறத்தாழ மூன்று மடங்காகிவிட்டது. அவர் வருமுன் அழிந்த 63 கூடுகள் எந்த ஏட்டிலும் ஏறவில்லை. கண்ணிற்படாமல் அழிந்தவற்றைக் கணக்கில் சேர்க்காததே பிழையின் வேர்.

தரையில் மறைந்துள்ள வானம்பாடிக் கூட்டில் இப்பிழை மிகுதியாகும். பெற்றோர் இரை கொண்டுவரும் குஞ்சுப் பருவத்தில்தான் இக்கூடுகள் எளிதில் கண்ணிற்படுகின்றன. முட்டைப் பருவத்தில் அழிந்தவை அறியப்படாமலே போகின்றன.

நாட்கணக்கு முறை

இப்பிழையை நீக்கும் எளிய வழியை அமெரிக்க நாட்டின் ஹரால்ட் மேஃபீல்ட் 1961ஆம் ஆண்டில் வெளியிட்டார். அவர் பறவையியலைத் தொழிலாகக் கொண்டவர் அல்லர். ஓய்வு நேரத்தில் பறவைகளை ஆராய்ந்தவர். அவர் ஆராய்ந்த கர்ட்லண்டு கதிர்க்குருவியும் தரையில் கூடு கட்டுவதே. கூடுகளை எண்ணாமல், கூடுகள் நம் பார்வையில் இருந்த நாட்களை எண்ண வேண்டும் என்பதே அவர் கூறிய முறையின் சாரம்.

ஒரு கூட்டை ஒரு நாள் கவனித்தால் அது ஒரு கூட்டுநாள். 5 கூடுகளைப் பத்துப் பத்து நாட்கள் கவனித்தால் 50 கூட்டுநாட்கள். கூடு காணப்பட்ட நாள் முதல் அது நிறைவேறிய அல்லது அழிந்த நாள்வரை மட்டுமே கணக்கு. அதற்கு முந்திய நாட்களை நாம் பார்க்கவில்லை. ஆதலால் அவை சேரா.

கூடு அழிந்த நாள் சரியாகத் தெரியாவிடில், கடைசி இரண்டு பார்வைகளுக்கு இடைப்பட்ட காலத்தில் பாதியைக் கொள்க. ஒரு கூடு மார்ச் 1ஆம் தேதி காணப்பட்டது. 4ஆம் தேதி நலமாக இருந்தது. 8ஆம் தேதி அழிந்திருந்தது. முதல் இடைவெளி 3 நாட்கள். இரண்டாம் இடைவெளி 4 நாட்கள். அதில் பாதி 2. மொத்தம் 5 கூட்டுநாட்கள்.

பிறகு செய்ய வேண்டியவை மூன்று:

1. அழிந்த கூடுகளின் தொகையை மொத்தக் கூட்டுநாட்களால் வகுக்க வேண்டும். இது ஒரு நாளின் அழிவு வீதம்.
2. அதனை ஒன்றிலிருந்து கழிக்க வேண்டும். இது ஒரு நாளின் தப்பும் வீதம்.
3. தப்பும் வீதத்தை, கூடு நிறைவேறத் தேவையான நாட்கள் எத்தனையோ அத்தனை முறை தன்னால் தானே பெருக்க வேண்டும்.

உதாரணமாக, 20 கூடுகளைக் கண்டு மொத்தம் 200 கூட்டுநாட்கள் கவனித்ததில் 12 அழிந்தன, 8 நிறைவேறின என்க. சாதாரணக் கணக்கில் வெற்றி நூற்றுக்கு 40. நாட்கணக்கு முறையில் அழிவு வீதம் 12ஐ 200ஆல் வகுக்க 0.06. தப்பும் வீதம் 0.94. இதனை 24 முறை பெருக்கக் கிடைப்பது சுமார் 0.23. எனவே வெற்றி நூற்றுக்கு 23. மடக்கை வாய்ப்பாடு பயின்ற மாணவர் இதனைச் சில நிமிடங்களில் செய்துவிடுவர்.

இம்முறையில் ஒரு கருதுகோள் உண்டு. எல்லா நாட்களிலும் அழிவு வீதம் ஒன்றே என்று கொள்கிறோம். முட்டைப் பருவத்திலும் குஞ்சுப் பருவத்திலும் அழிவு வேறுபடுமாயின், இரண்டையும் தனித்தனியே கணக்கிட்டு, இறுதியில் ஒன்றோடொன்று பெருக்குதல் வேண்டும். மேலும், கூட்டின் வெற்றி வேறு, ஜோடியின் வெற்றி வேறு. மீண்டும் மீண்டும் கூடு கட்டும் ஜோடி ஒரு பருவத்தில் ஒருமுறை வென்றாலும் அது இனத்திற்கு ஆதாயமே.

கணக்கு கற்பிக்கும் பாடம்

நாட்கணக்கு முறையால் விளையும் பயன் பிழைதிருத்தம் மட்டும் அன்று. அழிவு வீதம் நாளொன்றுக்கு நூற்றுக்கு 6 என்பதிலிருந்து 4 ஆகக் குறைந்தால் என்ன நேரும்? தப்பும் வீதம் 0.96 ஆகும். 24 நாட்களுக்குப்பின் நிறைவேறும் கூடுகள் 100க்குச் சுமார் 38. முன்பு 23 ஆக இருந்தது 38 ஆகிறது. மாறாக, அழிவு வீதம் 8 ஆக உயர்ந்தால் நிறைவேறுபவை சுமார் 14 மட்டுமே.

ஒரு நாளில் நூற்றுக்கு இரண்டு என்பது கண்ணுக்குத் தெரியாத வேறுபாடு. இரண்டு நாய்கள் கூடுதலாகத் திரிவதோ, ஒரு மந்தை வேறு வழியாகச் செல்வதோ இவ்வேறுபாட்டை உண்டாக்கக்கூடும். அதன் பலன் பருவமுடிவில் ஒரு புல்வெளியின் பறவைகள் பெருகுவதா குறைவதா என்பதையே தீர்மானிக்கலாம். உழவைச் சில நாள் தாமதிக்க முடிந்த தரிசு, பருவகாலத்தில் மந்தை நுழையாத ஒரு மூலை, குப்பை குவிந்து நாயையும் காகத்தையும் அழைக்காத ஓர் ஊரெல்லை ஆகியவை பெருஞ்செலவின்றிச் செய்யக்கூடியவை.

ஒன்றை இங்கே தனியே கூற வேண்டும். திறந்த புல்நிலத்தில் மரக்கன்றுகளை நெருக்கமாக நடுவது எப்போதும் நன்மை என்று கருதப்படுகிறது. காடழிந்த இடத்தில் அது நன்மையே. ஆனால் வானம்பாடிக்கு வேண்டியது குட்டைப்புல்லும் வெட்டவெளியும். அங்கே எழும் மரவரிசை காகத்திற்கும் பருந்திற்கும் இருக்கையாகும். கூட்டிற்கு உரிய தரையோ சுருங்கும். கோலார் தங்க வயலில் பறக்கும் தூளை அடக்கச் சயனைடு மேடுகளின்மேல் செடி வளர்ப்பது மக்கள் உடல்நலத்திற்கு வேண்டிய பணி. அதனையும் அடுத்துள்ள இயற்கைப் புல்நிலத்தில் மரம் நடுவதையும் ஒன்றாக எண்ணலாகாது. நடுமுன் அந்நிலத்தில் எவை கூடு கட்டுகின்றன என்று ஒரு பருவம் பார்த்தல் அறிவுடைமை.

களத்தில் கைக்கொள்ள வேண்டிய விதிகள்

கூட்டைக் கவனிப்பவரே அதன் அழிவிற்குக் காரணமாகிவிடலாகாது. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம், காட்டுப் பறவைகளின் முட்டைகளுக்குச் சேதம் விளைத்தலையும் கூட்டைக் கலைத்தலையும் வேட்டை என்னும் சொல்லின் பொருளிலேயே அடக்குகிறது. ஆகவே,

1. முட்டையையோ குஞ்சையோ கையால் தொடலாகாது.
2. மூன்று அல்லது நான்கு நாட்களுக்கு ஒருமுறை பார்த்தாற் போதும். காலை வேளையே உகந்தது, நண்பகலில் செல்லலாகாது.
3. அடையாளக் கல்லைக் கூட்டின் அருகில் வைக்காமல், பத்தடி அப்பால் வைத்து, திசையை ஏட்டில் குறிக்க வேண்டும்.
4. கூடுவரை சென்று வந்த வழியே திரும்பினால் அங்கே தடம் முடிவுறும். மோப்பம் பிடிக்கும் பிராணிக்கு அது வழிகாட்டி. கூட்டைக் கடந்து நேரே நடந்து செல்ல வேண்டும்.
5. காகம் பார்த்துக்கொண்டிருக்கையில் கூட்டை அணுகலாகாது.
6. பார்த்த நாள், நேரம், முட்டை அல்லது குஞ்சுகளின் தொகை, பெற்றோரின் நடத்தை ஆகியவற்றை அப்போதே எழுத வேண்டும். அழிந்த கூட்டையும் தவறாது பதிவு செய்ய வேண்டும். அப்பதிவின்றி இக்கணக்கே இல்லை.

பள்ளிகளில் இப்பாடம்

மாணவர் கூட்டமாகக் கூடு தேடச் செல்வது கூடாது. அதற்குப் பதிலாக, ஒரு தரிசு நிலத்தின் ஓரத்தில் நின்று, அரைமணி நேரத்தில் எத்தனை ஆண்பறவைகள் வானில் ஏறிப் பாடின என்று எண்ணச் செய்யலாம். அதே இடத்தில் மாதந்தோறும் எண்ணினால் பருவத்தின் தொடக்கமும் முடிவும் புலப்படும். கூட்டின் கணக்கை வகுப்பறையிலேயே பயிற்றலாம். நூறு புளியங்கொட்டைகளை மேசைமேல் பரப்பி, நாளுக்கு நூற்றுக்கு ஆறு வீதம் நீக்கிக்கொண்டே வந்து, 16ஆம் நாளில் ஒரு மாணவனை உள்ளே அழைத்து எஞ்சியவற்றை எண்ணச் சொன்னால், மேற்கூறிய பிழை எவ்வாறு நேர்கிறது என்பதைச் சிறுவரும் அறிவர்.

பயிற்சி: 15 கூடுகளை மொத்தம் 150 கூட்டுநாட்கள் கவனித்ததில் 6 அழிந்தன, 9 நிறைவேறின. கூடு நிறைவேற 24 நாட்கள் வேண்டும். சாதாரண முறையிலும் நாட்கணக்கு முறையிலும் வெற்றியைக் காண்க. (விடை: நூற்றுக்கு 60, சுமார் 38.)

ஒரு மாவட்டத்தின் பல பள்ளிகளும் களப்பணியாளரும் ஒரே முறையில் ஏடு எழுதினால், தனித்தனியே சிறிதாகத் தோன்றும் பதிவுகள் ஒன்றுசேர்ந்து பல நூறு கூட்டுநாட்களாகும். தரிசு என்று எழுதப்பட்ட நிலத்தில் உண்மையில் என்ன வளர்கிறது என்பதற்கு அவ்வேடுகளே சான்றாக அமையும்.